நுங்குக்குள்ள மூணு கண்ணு

சின்ன வயசுல எங்க மாமாகிட்ட மைக்கேல் ஜாக்சனோட டேஞ்சரஸ் கேசட் இருந்துச்சு, பாட்டெல்லாம் அப்புறம், நான் அந்த அட்டையத்தான் மணிக்கணக்கா பாத்துட்டு இருப்பேன். தங்கக் கலர் வேலைப்பாட்டுக்கு நடுவுல ரெண்டு கண்ணு மட்டும், ஒரு பக்கம் நாய்த் தலை ராஜா, இன்னொரு பக்கம் பறவைத் தலை ராணி. 1991-ல அத வரைஞ்சது மார்க் ரைடன்னு ரொம்ப வருசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, கனவும் கார்ட்டூனும் கலந்த இந்த மாதிரி படத்துக்கு பாப் சர்ரியலிசம், லோபிரோ (lowbrow, மட்டமான ரசனைன்னு அர்த்தம்)ன்னெல்லாம் பேரு இருக்குன்னும் அப்பதான் தெரியும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 70-கள் கடைசில காமிக்ஸ், எஞ்சின மாத்தி வேகமாக்கின ஹாட்ராட் கார், பங்க் பாட்டுன்னு வளந்தவங்க ஆரம்பிச்சது இது. பெரிய ஆர்ட் நிறுவனம் எதுவும் நம்மள ஏத்துக்கப் போறதில்லன்னு அவங்கள்ல ஒருத்தரான ஓவியர் ராபர்ட் வில்லியம்ஸ் 1979-ல தன் ஓவியப் புத்தகத்துக்கு லோபிரோன்னே பேரு வச்சாரு. எனக்கு அந்த தைரியம் ரொம்பப் புடிக்கும்.

நான் வரையறதில்ல, என்னையே போட்டோ எடுத்து போட்டோஷாப்ல மாத்துவேன். மொதல்ல பச்சை இறைச்சி, பீங்கான் பொம்மைன்னு அந்த ஓவியருங்க சாமானையே வச்சேன், யாரோ வீட்டுக்குள்ள போய் நின்ன மாதிரி இருந்துச்சு. அவங்க வளந்தப்ப பாத்தத அவங்க வச்சாங்க, நான் பாத்தது சிவகாசி காலண்டர், தீப்பெட்டி லேபிள், அப்புறம் எங்க ஊரு நுங்கு. சீவின நுங்க பாத்திருக்கீங்கல்ல, மூணு குழி, மூணு கண்ணு, நாமளே அத கண்ணுன்னுதான சொல்றோம். அத கையில புடிச்சு ஜன்னல் பக்கத்துல நின்னு டைமர் வச்சு எடுத்தேன்.

மூஞ்சில கண்ண பெருசாக்கறது, போட்டோஷாப்ல உருவத்த இழுத்து மாத்தற லிக்விஃபைல ஒரு நிமிச வேலை, ஆனா அப்படியே விட்டா போன் ஃபில்டர் மாதிரிதான் இருக்கும். கண்ணு பெருசானா இமையோட நிழலும் அதுக்கேத்த மாதிரி பெருசாகணும், அதுக்கு கீழ இருக்கற படத்த இருட்டாக்கற மல்டிப்ளை லேயர் ஒண்ணு தனியா போட்டு அதுல மெல்ல மெல்ல பிரஷ் ஓட்டணும், கன்னத்துல வெளிச்சம் எங்க, இருட்டு எங்கன்னு சாம்பல் கலர் லேயர, கீழ இருக்கற படத்தோட மென்மையா கலக்கற சாஃப்ட் லைட்ல போட்டு திரும்ப வரையணும், நான் இதுக்கே ரெண்டு ராத்திரி உக்காந்தேன். தோல் பெயிண்டிங் மாதிரி வழவழன்னு ஆகணும், ஆனா என் மூக்குப் பக்கத்து மச்சத்த தொடல, அது போனா அது நான் இல்ல.

நுங்குல ரெண்டு குழிக்கு என் கண்ணு. மூணாவதுக்கு எங்க அப்பத்தாவோட பழைய ஸ்டுடியோ போட்டோவ ஸ்கேன் பண்ணி எடுத்தேன். கருப்பு வெள்ளை, பொடிப்பொடியா இருக்கும், என் படமோ பளிச்சுன்னு இருக்கு, ஒட்டவே இல்ல. அந்தக் கண்ண சரிபண்றத விட்டுட்டு மொத்தப் படத்துக்கும் அதே மாதிரி பொடிப்பொடியா கிரெயின் போட்டேன், கலரையும் பழைய காலண்டர் மாதிரி கொஞ்சம் மஞ்சளுக்கு இறக்கினேன், அப்புறம்தான் எல்லாம் ஒரே படமாச்சு.

அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாம காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு அந்த மூணாவது குழி மேல விரல வச்சு "இது அத்தை கண்ணுல்ல?"ன்னாங்க.

என் கண்ணுல ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் விழுது, அப்பத்தா கண்ணுல ஸ்டுடியோ லைட்டு வலது பக்கம். மாத்தி வரைய அஞ்சு நிமிசம் போதும், அப்படியே வச்சிருக்கேன்.