கழுத்தெலும்பு முறிந்தும் கோலை விடாத ஜெர்மன்காரர்

வியாசர்பாடியில் பந்தாடும் பசங்க யாரைக் கேட்டாலும் மெஸ்ஸி, ரொனால்டோ என்பார்கள். கோல்கீப்பர் பேரைச் சொல்ல ஆளே இல்லை. கோல் போஸ்ட்டில் நின்றே பல ஞாயிறுகளைக் கழித்த எனக்கு பெர்ட் டிராட்மன்தான் தெய்வம்.

ஜெர்மனியின் பிரெமனில் 1923-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் படைவீரர், பிடிபட்டு இங்கிலாந்தில் கைதியாக இருந்தார். முகாமில்தான் கோல்கீப்பரானார். விடுதலையானதும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். 1949-ல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி அவரை எடுத்தபோது, 'நாஜிப் படையில் இருந்தவன் நமக்கு எதற்கு?' என்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபத்தையும் குறை சொல்ல மாட்டேன். குண்டு விழுந்த ஊர் அது. ஆனால் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத குரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாட்டின் பாவத்தைத் தனி ஆள் தலையில் கட்டாதீர்கள் என்று எழுதினார்.

1956, இங்கிலாந்து கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி, எதிரணி பர்மிங்காம் சிட்டி. முடிய 17 நிமிடம்தான். எதிரணியின் பீட்டர் மர்ஃபி காலடியில் டிராட்மன் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறார். மர்ஃபியின் முழங்கால் கழுத்தில் இடிக்கிறது. மாற்று ஆள் இறக்க அப்போது விதியே கிடையாது. தள்ளாடிக்கொண்டே மேலும் பந்துகளைத் தடுத்தார். சிட்டி 3-1 என ஜெயித்தது. சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்தது தெரிந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் பந்தைக் கையால் எறியும் விதம். சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடிய தோள். குருட்டாம்போக்கில் உதைக்காமல், ஓடுகிறவன் காலுக்கே எறிவார். நம்ம கிரவுண்டில் அப்படி எறிந்தால், 'உதைடா மச்சான்!' என்று இன்னும் கத்துகிறார்கள்.