சூப்பர்மேன் பார்த்த கிழமை

13.09.2025, சனி

இரவு பதினொன்று. எங்கள் குட்டி மருமகன் இப்போதுதான் நித்திரையானான். ஜூலையில் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தை இன்று அண்ணாவின் லப்டொப்பில் பார்த்தோம். வன்னியில், ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு அதைப் பெரிய திரையில் பார்க்க வழியில்லை. இரண்டு மாதம் பொறுத்திருந்தேன். யாரும் கதையைச் சொல்லிவிடக் கூடாதென்று ஃபேஸ்புக் பக்கமே போகவில்லை.

வீட்டுக்குள் வெக்கை. முற்றத்தில் மேசை போட்டு, அம்மம்மாவுக்குச் சாய்மனைக் கதிரை வைத்து, வறுத்த கச்சானும் கையுமாக இருந்தோம். படம் தொடங்கும்போதே சூப்பர்மேன் தோற்றுப்போய் விழுகிறார். மூன்று நிமிடத்துக்கு முன்புதான் வாழ்க்கையில் முதற்தடவையாகத் தோற்றார் என்று எழுத்துப் போடுகிறார்கள். அந்தாட்டிக் பனிக்குள் இரத்தம் கக்கிக்கொண்டு கிடந்து ஒரு விசில் அடிக்கிறார். தூரத்தில் பனியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளை நாய் வருகிறது.

“இதார் பிள்ளை, வைரவரோ? நாயோடை நிக்கிறார்” என்றார் அம்மம்மா.

எங்கள் ஒழுங்கை முடிவில், பாலை மரத்தடியில் வைரவர் சூலம் இருக்கிறது. அம்மம்மா செவ்வாயும் வெள்ளியும் அங்கேதான் விளக்கு வைப்பார். இது கிரிப்டோ, 1955 இலேயே சித்திரக்கதையில் வந்துவிட்ட நாய் என்று சொல்லிப் பார்த்தேன். சரி சரி என்றார். ஆனால் படம் முடியும் வரைக்கும் அவருக்கு அவர் வைரவர்தான்.

எனக்கு நித்திரை வருவதாக இல்லை.

14.09.2025, ஞாயிறு

மாமாவுக்கு வட்ஸ்அப்பில் நீளமாக எழுதினேன். எனக்குச் சித்திரக்கதை வாசிக்கப் பழக்கியவர் அவர். அவரிடம் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய லயன் கொமிக்ஸும் முத்து கொமிக்ஸும் இருந்தன. சிவகாசியில் அச்சான புத்தகங்கள். கடல் தாண்டி, கை மாறி, அட்டை கிழிந்துதான் வன்னிக்கு வந்து சேரும். இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் அந்தப் பெட்டிக்குள்தான் கண்டேன். இந்த ஸ்பைடர் அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை. 1965 இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் தொடங்கியவர். கூர்க் காதும் வலைத் துப்பாக்கியுமாக, முதலில் குற்றவாளிகளுக்கு அரசனாக வரப் பார்த்து, பிறகு நல்ல பக்கம் திரும்பியவர்.

அந்த ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெரி சீகல். ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். 1938 இல் அக்‌ஷன் கொமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் வந்தபோது, அந்தப் பாத்திரத்தின் முழு உரிமையையும் 130 டொலருக்கு இரண்டு பேரும் கொடுத்துவிட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு பிழைப்புக்காகச் சீகல் லண்டன் இதழுக்கு ஸ்பைடர் எழுத, அது தமிழாகி, எங்கள் திண்ணை வரை வந்திருக்கிறது. சூப்பர்மேனைத் தெரிவதற்கு முன்பே சூப்பர்மேனை எழுதியவரின் கதையை நான் வாசித்துவிட்டேன். இதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

2008 இல் இடம்பெயரும்போது மாமா பெட்டியை உரப்பையால் சுற்றிக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார். மீளக்குடியேறி வந்து கிண்டினால், பெட்டி இருந்தது. உள்ளே கறையான் மண்.

16.09.2025, செவ்வாய்

இன்று பின்னேரம் தனியே இருந்து இரண்டாம் முறை பார்த்தேன்.

குறைகளும் இருக்கின்றன. பாத்திரங்கள் அதிகம். வில்லன் லூதர் இன்னொரு பிரபஞ்சத்துக்குள் வைத்திருக்கும் அந்தச் சிறைச்சாலையில் கதை நின்றுபோகிறது. அதில் கால்வாசியை வெட்டியிருந்தாலும் எதுவும் குறைந்திருக்காது.

ஆனால் பத்திரிகைக்காரி லோயிஸ் சூப்பர்மேனைப் பேட்டி காண்கிற காட்சி! பொராவியா என்ற நாடு ஜர்ஹான்பூருக்குள் படையோடு இறங்குகிறது, சூப்பர்மேன் போய் நிறுத்துகிறார். யாரைக் கேட்டுப் போனாய், பின்விளைவை யோசித்தாயா என்று லோயிஸ் விடாமல் கேட்கிறாள். அவள் கேட்பதெல்லாம் நியாயமான கேள்விகள். அவர் கோபப்பட்டு, குரல் உயர்ந்து, கடைசியில் சனம் சாகப்போகுது என்ற ஒன்றைத்தான் பதிலாகச் சொல்கிறார். சூப்பர்மேனாக நடித்த டேவிட் கொரன்ஸ்வெட் அந்த இடத்தில் ஒரு பெடியனைப் போல இருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது.

பெரிய மிருகமொன்று நகரத்தை மிதிக்கும்போது ஒரு அணிலைத் தூக்கி ஓரமாக விடுகிறாரே, அதை நாலு தரம் திருப்பிப் போட்டேன். அவருக்கு எந்த உயிரும் கணக்குத்தான்.

மாலிக் என்ற ஃபலாஃபல் கடைக்காரர், விழுந்து கிடந்த சூப்பர்மேனுக்குக் கை கொடுத்து எழுப்பியவர். அதற்காகவே அவரைச் சுடுகிறார்கள். அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை, தட்டிவிட்டுப் போனேன்.

18.09.2025, வியாழன்

மூன்று நாளாக எழுதாமல் தள்ளிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஜர்ஹான்பூர் எல்லையில் சனம் நிற்கிறது. எதிரே துவக்குகளும் டாங்கிகளும். ஒரு பெடியன் தானே செய்த சூப்பர்மேன் கொடியை நட்டுப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். எல்லோரும் சேர்ந்து கூப்பிடுகிறார்கள்.

2009, போரின் கடைசி மாதங்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாத்தளனில் இருந்தோம்.

1940 இல் சூப்பர்மேன் அமெரிக்க வானொலிக்கு வந்தபோது, ஆட்கள் வானத்தைக் காட்டி, பறவையா, விமானமா என்று கத்துவதாகத் தொடங்குவார்கள். உலகம் முழுக்கத் தெரிந்த வரி. நாங்கள் வானத்தை அப்படிப் பார்த்து வளரவில்லை. வண்டு என்று நாங்கள் சொல்லும் வேவு விமானம் இரைந்தால் இனி ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். கிபிர் போர் விமானத்தின் சத்தம் கேட்டால் பங்கருக்குள் குப்புறப் படுக்க வேண்டும். மாமாவின் புத்தகங்களில்கூடப் பறக்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் சூப்பர்மேனை வாசித்தேன், வாசித்ததும் விட முடியவில்லை. ஆனாலும் அவர் இறங்கி வருகிற படங்களில் எனக்கு முதலில் வருவது பயம்தான், அதற்குப் பிறகுதான் சந்தோசம்.

அந்தப் பெடியன் கூப்பிட்டும் சூப்பர்மேன் போகவில்லை. அதே நேரம் அவருடைய நகரம் இரண்டாகப் பிளக்கிறது, அவர் அங்கே நிற்கிறார். அவருக்குப் பதிலாக வேறு சூப்பர்ஹீரோக்கள், கிறீன் லான்ரேர்ன், ஹோக்கேர்ள், மெட்டமோர்ஃபோ மூன்று பேரும் வந்து இறங்கி, பகிடியும் விட்டுக்கொண்டு படையைத் துரத்துகிறார்கள்.

அந்தப் பகிடி எனக்கு வலித்தது. ஒரு பத்து விநாடி சும்மா விட்டிருக்கலாம். கூப்பிட்ட சனத்தின் முகத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் இயக்குநர் ஜேம்ஸ் கன் அந்தப் பெடியனைப் படத்துக்குள் கொண்டுவந்து வைத்தாரே, அதற்காக நான் அவருக்கு நன்றியோடு இருப்பேன். சூப்பர்மேன் படமொன்றில் எங்களைப் போல நிற்கிற சனத்தை நான் கண்டதில்லை.

மருமகன் 2017 இல் பிறந்தவன். இன்று காலை குளத்துப் பக்கமாக ஒரு ஹெலி போனது. தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே ஓடிப்போய் இரண்டு கையையும் ஆட்டினான். அம்மா குசினிக்குள்ளேயே நின்றார். நான் வாசல் வரைக்கும் போனேன்.

21.09.2025, ஞாயிறு

அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கற்சிலைமடுவுக்குப் போனேன். 1803 ஒக்டோபர் 31 இல் பிரிட்டிஷ் படையின் கப்டன் வொன் டிறிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று வெள்ளைக்காரர் கல் நாட்டிய இடம்.

“அப்ப இவர் தோத்தவரோ மாமி?”

“ஓம்.”

“சூப்பர்மேனும் முதல்லை தோத்தவர்தானே.”

ஓம் என்றேன். பிறகு வழியெல்லாம், கொடி பிடித்த அண்ணாவிடம் அவர் ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தான். நகரம் பிளந்ததைச் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை என்று அவனிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் மாமாவின் பதில் வந்திருந்தது. படம் பார்த்துவிட்டாராம், கதைக்க நிறைய இருக்கிறதாம், இரவு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். கைகால் கழுவிவிட்டு வர, மருமகன் லப்டொப்பைத் திறந்து வைத்திருந்தான். அம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வைரவர் வாற இடத்திலை இருந்து போடு பிள்ளை.”