பெல்லோஸ் மேல ஏறி நிக்காதீங்க

திருச்சி துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்புகளில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்க்கிறேன். ஷெல் அண்ட் ட்யூப் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்றால் ஷெல் என்ற பெரிய உருளைக்குள் நிறைய ட்யூப்களை அடுக்கி, ஒன்றில் ஓடும் திரவத்தின் சூட்டை மற்றதற்கு மாற்றுகிற கருவி. ஷெல்லின் நடுவில் நீளவும் சுருங்கவும் வைக்கும் மடிப்பு வளையம்தான் பெல்லோஸ். இதை வாங்க வருகிறவர்களில் பலர் டிராயிங்கைப் பார்த்ததும் சொல்வது இதுதான்: "நடுவுல இந்த பெல்லோஸ் எதுக்கு சார்? அது வீக் பாயின்ட். எடுத்துட்டு நேரா ஷெல்லையே ஓட்டிடுங்க."

கணக்கு போட்டுக் காட்டினால்தான் சிலர் அடங்குவார்கள். ட்யூப் 6 மீட்டர் நீளம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304. ஷெல் கார்பன் ஸ்டீல். பூட்டும்போது இரண்டும் 30 டிகிரி. ஓடும்போது ட்யூப் சராசரியாக 180, ஷெல் 80. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஸ்டெயின்லெஸ் சுமார் 17 மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். கார்பன் ஸ்டீல் 12. ட்யூப் 15.3 மில்லி நீளப் பார்க்கிறது, ஷெல் 3.6 மில்லியோடு நின்றுவிடுகிறது. மிச்சம் கிட்டத்தட்ட 12 மில்லி. ட்யூப் முனைகளைப் பிடிக்கிற ஓட்டை போட்ட கனத் தகடுதான் ட்யூப் ஷீட். இரண்டு பக்கமும் அதை ஷெல்லோடு வெல்டு அடித்து இறுக்கிவிட்டோம். அந்த 12 மில்லி எங்கே போகும்? ட்யூப் வளையும், இல்லையென்றால் ட்யூப் ஷீட்டில் எக்ஸ்பாண்ட் பண்ணின, அதாவது விரித்து இறுக்கின இடத்தில் வழுக்கும். வீக் பாயின்ட் போகாது. ஆயிரம் ட்யூப் இருந்தால் இரண்டாயிரம் ஜாயின்டுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தாகிவிடும்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ட்யூபை U மாதிரி வளைத்து ஒரே பக்கம் பிடிக்கும் யூ ட்யூப் போடலாம், வளைவுக்குள் பிரஷ் போகாது, அழுக்குப் பிடிக்கிற திரவம் என்றால் அவஸ்தை. ஒரு முனையை நகர விடும் ஃப்ளோட்டிங் ஹெட் போடலாம், விலை ஏறும், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஒரு கேஸ்கெட் உட்கார்ந்திருக்கும். ஷெல்லுக்குள் சுத்தமான ஸ்டீம் ஓடுகிற சின்ன எக்ஸ்சேஞ்சருக்கு ஃபிக்ஸட் ட்யூப் ஷீட் (இரண்டு பக்கமும் ஷெல்லோடு வெல்டு அடித்தது), நடுவில் பெல்லோஸ் என்பதுதான் என் ஓட்டு.

பெல்லோஸ் செய்வதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுக்காது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை உருளையாகச் சுற்றி, நெடுக ஒரே ஒரு டிக் (TIG) வெல்டு. அந்த வெல்டைத் தகட்டின் மட்டத்துக்கு அமுக்கி, விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துப் பார்ப்போம். பிறகு உருளையை டை என்ற அச்சு வளையங்களுக்குள் நிறுத்தி உள்ளே தண்ணீர் பிரஷர் ஏற்றுவார்கள். வளையங்களுக்கு நடுவில் தகடு புடைத்துக்கொண்டு வரும். அதே சமயம் டையை நெருக்கினால் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கும். நெடுக ஓடும் அந்த ஒன்றைத் தவிர, மடிப்பைச் சுற்றி ஓடும் வெல்டு ஒன்றுகூட இருக்காது. மடிப்பின் முகட்டிலும் பள்ளத்திலும்தான் வளைவு அதிகம். அங்கே சுற்றி வெல்டு வைத்தால் கிராக் அங்கேதான் பிறக்கும்.

"கொஞ்சம் கனமா 3 எம்எம் தகட்டுல பண்ணிடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்பது அடுத்த ஆலோசனை. தகட்டின் கனம் இரண்டு மடங்கானால் மடிப்பின் விறைப்பு எட்டு மடங்காகும். விறைப்பான பெல்லோஸ் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காது, பழையபடி ட்யூப்பைத்தான் பிடித்து நெருக்கும். வளைகிற ஒவ்வொரு தடவையும் அதன் முகட்டில் ஸ்ட்ரெஸ்ஸும் கூடுதல். பிரஷர் அதிகமாக இருந்தால், ஒரே கனத் தகட்டுக்குப் பதில் பாதிக் கனத்தில் இரண்டு தகட்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி உருவாக்குவார்கள். பிரஷரைத் தாங்கும் இரும்பு அதே அளவுதான், விறைப்பு மட்டும் கால்வாசி. இந்த ஒரு யோசனை யாருக்கு முதலில் தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம்.

இனி நடந்த கதை ஒன்று. எண்ணெய் ஆலை ஒன்றில், பெயர் வேண்டாம், புது எக்ஸ்சேஞ்சர் ஸ்டார்ட் பண்ணி ஒரு வாரத்துக்குள் ட்யூப் லீக். பெல்லோஸ்தான் கோளாறு என்று போனில் சண்டை. போய்ப் பார்த்தால் பெல்லோஸ் பளபளவென்று அப்படியே இருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் மஞ்சள் பெயின்ட் அடித்த டை ராடு என்ற கம்பிகளும் அப்படியே இருக்கின்றன. லாரியில் வரும்போது பெல்லோஸ் ஆடாமல் இருக்கப் பூட்டுவது அது. எக்ஸ்சேஞ்சரை அதன் இடத்தில் நிறுத்தி முடித்ததும் கழற்ற வேண்டும் என்பதற்காகத்தான் மஞ்சளே அடிக்கிறோம். அங்கிருந்த ஃபிட்டர் சொன்னார்: "சார், அது சப்போர்ட்டுன்னு நினைச்சு நட்டை இன்னும் ரெண்டு சுத்து டைட் வெச்சேன்." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் யாரும் ஒரு காகிதம்கூடக் கொடுத்திருக்கவில்லை.

பைப் லைனில் பெல்லோஸ் போடும்போது இதற்கு நேர் எதிரான தப்பு நடக்கும்: பிடிப்பே இல்லாமல் விடுவது. 50 சென்டிமீட்டர் விட்டத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ பிரஷர் என்றால் பெல்லோஸை இழுத்துப் பிரிக்கும் விசை 19 டன்னைத் தாண்டும். எக்ஸ்சேஞ்சருக்குள் ட்யூப்களே ட்யூப் ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும். பைப்பில், அதை அசையாமல் தரையோடு பிணைக்கும் ஆங்கர்தான் பிடிக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில், நைலானுக்கான கேப்ரோலாக்டம் செய்த நைப்ரோ ஆலையில் நடந்தது இதுதான். 1974இல் வரிசையாக நின்ற ஆறு ரியாக்டர்களில் (ரசாயன வினை நடக்கும் கலன்கள்) ஐந்தாவதில் கிராக். அதை எடுத்துவிட்டு நான்கையும் ஆறையும் தற்காலிகமாக இணைத்தார்கள். ரியாக்டர்கள் படிப்படியாக இறங்கி நின்றதால் பைப்பில் இரண்டு வளைவு, 20 இன்ச் பைப், இரு முனையிலும் 28 இன்ச் பெல்லோஸ். கீழே சாரம் கட்டித் தாங்கினார்கள். டிராயிங் என்று இருந்தது ஷாப் தரையில் சாக்பீஸால் போட்ட கோடு மட்டும். வளைந்த பைப்பின் இரு முனையிலும் பிரஷர் தள்ளும்போது அது பைப்பைத் திருப்பும், பெல்லோஸை வெட்டும் திசையில் நெரிக்கும் என்று யாரும் கணக்கு போடவில்லை. பெல்லோஸ் செய்தவர்கள் கொடுத்த கையேட்டையும் பார்க்கவில்லை. ஜூன் 1, சனிக்கிழமை சாயங்காலம், எளிதில் தீப்பிடிக்கும் சைக்ளோஹெக்ஸேன் வெளியேறி வெடித்தது. 28 பேர் செத்தார்கள். அந்த பைப் பிய்ந்ததுதான் காரணம் என்று விசாரணை மன்றம் முடிவு சொன்னது.

நேராக நீளவும் சுருங்கவும் பெல்லோஸைக் கேளுங்கள், செய்யும். முறுக்கச் சொல்லாதீர்கள். பைப்பை இணைக்கும் வட்டத் தகடான ஃபிளேஞ்சின் போல்ட் ஓட்டை 5 மில்லி விலகியிருக்கிறது, பெல்லோஸைக் கொஞ்சம் இழுத்துப் போல்ட் மாட்டிக்கலாம் என்பதெல்லாம் சைட்டில் தினமும் நடக்கிறது. மேலே வெல்டிங் நடக்கும்போது ஒரு சாக்குகூடப் போர்த்தாமல், மடிப்பில் தெறிப்பு விழ விடுவது இன்னொன்று. ஏணிக்குச் சோம்பல்பட்டு அதன்மேலேயே ஏறி நிற்பவர்களுக்காகத்தான் தலைப்பு.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் ஏற்றி பிரஷர் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்டுக்கு நம்மூர் போர்வெல் தண்ணீரை அப்படியே ஏற்றாதீர்கள். உப்பில் இருக்கும் குளோரைடு 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருக்க வேண்டும் என்று பெரும்பாலான ஆர்டர்களில் எழுதியே வரும். படுக்கைவாட்டில் இருக்கும் ஷெல்லில் டிரெயினைத் திறந்தாலும் அடிப்பக்க மடிப்புகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். அது காயக் காய உப்பு கெட்டிப்படும். பிறகு சூடு ஏறினால் ஸ்டெயின்லெஸ்ஸில் மயிரிழை மாதிரிக் கிளை கிளையாக கிராக் ஓடும். சூடான காற்று ஊதிக் காயவைக்க அரை நாள் ஆகும், அந்த அரை நாளைத்தான் எல்லோரும் என்னிடம் பேரம் பேசுகிறார்கள்.

என்கொயரி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரஷர், டெம்பரேச்சரோடு சைக்கிள் எத்தனை என்பதையும் எழுதுங்கள். ஒரு தடவை சூடேறி ஆறினால் ஒரு சைக்கிள். வருஷத்துக்கு இரண்டு தடவை நிறுத்துகிற ரிஃபைனரிக்கு 1000 சைக்கிள் டிசைன் தாராளம். காலையில் ஸ்டீம் திறந்து ராத்திரி மூடுகிற சாயப்பட்டறைக்கு அதே 1000, கிட்டத்தட்ட மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும். அன்றைக்கே உடைந்துவிடாதுதான், ஆனால் அதற்கப்புறமும் தாங்கும் என்று சொல்ல என்னிடம் பேப்பர் கிடையாது. கேட்டால் எல்லோரும் "கன்டினியுவஸ் ரன்னிங் சார்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை லீவா என்று கேட்பேன். "ஆமா சார், அது லீவுதான்." அப்போ வருஷத்துக்கு 52 அங்கேயே போச்சு.