ஐந்து வட்டம், ஆறு பேர்

ஜூன் 7, சனி

குடும்பத்துக்கென்றே வந்திருக்கும் புது ஓடிடி ஒன்றில் இன்று சேர்ந்தோம். முதல் இரண்டு வாரம் இலவசம். வேண்டுமா வேண்டாமா என்று அதற்குள் முடிவு செய்ய வேண்டும். மறந்துவிடாமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

சேர்வது சுலபமாக இருந்தது. ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடிப் பிடித்துப் பாஸ்வேர்ட் அடிக்கிற வேலை இல்லை. டிவியில் ஒரு குறியீடு வந்தது. அதைப் போனில் போட்டதும் டிவியில் கணக்கு திறந்துகொண்டது.

அப்புறம் "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு ஐந்து வட்டங்களைக் காட்டியது, ஒவ்வொன்றும் ஒருவருக்கான ப்ரொஃபைல். நாங்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, மனைவி, நான், 13 வயது மகன், 4 வயது மகள். ஆறாவது ப்ரொஃபைலுக்கு இடமே கிடையாது. "எனக்கு எதுக்குப்பா தனியா? அப்பாவோடதுலயே பாத்துக்கறேன்" என்றார் அம்மா. சரி என்று அப்பா பெயரைப் போட்டுவிட்டேன். இப்போது எழுதும்போது உறுத்துகிறது. நாங்கள் யாரும் அம்மாவை இன்னொரு தடவை கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மகளுக்குக் குழந்தைகள் ப்ரொஃபைல். நன்றாகவே செய்திருக்கிறார்கள். படங்கள் பெரிதாக, எழுத்து குறைவாக, படிக்கத் தெரியாத குழந்தையும் பார்த்தே தேர்ந்தெடுக்கிற மாதிரி இருக்கிறது. விளம்பரம் இல்லை.

ஆனால் வெளியே வர ஒரு தடையும் இல்லை. பின்னால் போகும் பட்டனை அவள் இரண்டு தடவை அழுத்தினாள், ஐந்து வட்டங்களும் வந்துவிட்டன. என் வட்டத்தைத் தொட்டாள், ஒரு த்ரில்லரின் முன்னோட்டம் அலறலோடு ஓட ஆரம்பித்தது. ஓடிப்போய் அணைத்தேன், அதற்குள் பயந்துபோய் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு நாலு இலக்க ரகசிய எண் வைக்கும் வசதி இருக்கத்தான் செய்கிறது. அதை நாமே அமைப்புகளுக்குள் தேடிப் போய், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். குடும்பத்துக்கு என்று சொல்லி வருகிறவர்கள், குழந்தைக்கு ப்ரொஃபைல் உருவாக்குகிற அந்த நிமிடத்திலேயே இதைக் கேட்டிருக்க வேண்டாமா? இன்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

ஆட்டோப்ளேயையும் நிறுத்திவிட்டேன். அவள் பார்க்கும் கார்ட்டூன் ஓர் எபிசோட் 7 நிமிடம். முடிந்த சில நொடிகளில் அடுத்தது தொடங்கிவிடுகிறது. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தக் கார்ட்டூன் எட்டு ஓடினாலே அந்த ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும், குழந்தைக்கு எட்டு என்பதே தெரியாது. இப்போது எபிசோட் முடிந்ததும் திரை அப்படியே நிற்கிறது. திரும்பி எங்களைப் பார்த்து "முடிஞ்சிடுச்சு" என்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று நாளாக அப்பா ஒரே புகார். "பேசறது காதுலயே விழல. சண்டை வந்தா மட்டும் வீடே அதிருது." ஒலியை ஏற்றுவார், குண்டு வெடிக்கும், இறக்குவார், மறுபடி ஏற்றுவார். காது மந்தமாகிக்கொண்டு வருவதால்தான் என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

இன்று உட்கார்ந்து தேடினேன். கோளாறு காதில் மட்டும் இல்லை. படம் 5.1 ஒலியில் வருகிறது. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அடி ஒலிக்கு ஒன்று என்று ஆறு தடங்கள். வசனத்தில் பெரும்பகுதி முன் நடுத் தடத்தில்தான் இருக்கும். எங்கள் டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். ஆறையும் இரண்டுக்குள் மடக்கும்போது இசையும் வெடிச்சத்தமும் மேலே வந்து பேச்சு அமுங்கிப்போகிறது. ஒலிக்கான மெனுவில் அதே மொழியின் கீழேயே "ஸ்டீரியோ" என்று, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கானது, இன்னொன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வசனத்திலேயே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் அவர் காதையே குறை சொல்லிக்கொண்டிருந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சப்டைட்டிலும் போட்டோம். தமிழ்ப் படங்களுக்குக் காது கேளாதோருக்கான வகையே இருக்கிறது. வசனத்தோடு "கதவு தட்டும் சத்தம்", "தூரத்தில் ரயில்" என்றெல்லாம் வருகிறது. ரயில் சத்தம் கேட்டுத்தான் கதாநாயகி திரும்பிப் பார்க்கிறாள் என்று அப்பாவுக்குப் புரிந்தது அதனால்தான்.

தமிழில் டப்பிங் செய்த படங்களில் இது உதவவில்லை. டப்பிங் வசனம் ஒருவர் எழுதியது, உதட்டசைவுக்கு ஏற்றபடி வளைத்தது. சப்டைட்டில் மூல மொழியிலிருந்து வேறொருவர் மொழிபெயர்த்தது. இரண்டும் ஒத்துப்போவதில்லை. "குரல் ஒண்ணு சொல்லுது, எழுத்து ஒண்ணு சொல்லுது" என்று அப்பா அணைக்கச் சொல்லிவிட்டார். பாதி கேட்டு மீதியை வாசித்து ஈடுகட்டுகிறவருக்கு இது பெரிய தொல்லை. டப்பிங்குக்கென்று தனிச் சப்டைட்டில் கொடுப்பது அவ்வளவு கடினமா? வசனம்தான் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறதே.

ஜூன் 11, புதன்

மகன் எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கிறான். ஹெச்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3 ஜிபி போகும், 4கே என்றால் 7 ஜிபி வரைகூட. கையகலத் திரையில் அந்தத் தெளிவு தெரியப் போவதில்லை. வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துகொண்டு வெளியே போய்ப் பார் என்றேன். ஒத்துக்கொண்டான்.

ஜூன் 13, வெள்ளி

டிவியில் நானும் மகளும், போனில் மகன், டேப்லெட்டில் மனைவி. அப்பா தன் அறையில் பழைய டேப்லெட்டைத் திறந்திருக்கிறார், அதிகபட்ச எண்ணிக்கை முடிந்தது என்று வந்துவிட்டது. ஐந்து ப்ரொஃபைல் இருந்தாலும் ஒரே நேரத்தில் மூன்று திரைதான். ஒன்றும் சொல்லாமல் கூடத்துக்கு வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

அவர் வந்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கதவைச் சாத்தி அனுப்பியதால் வந்தார் என்பது பிடிக்கவில்லை. எந்தெந்தத் திரை ஓடுகிறது என்றுகூட அந்த அறிவிப்பு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மகனைக் கேட்டு ஒன்றை நிறுத்தியிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா மத்தியானம் ஒரு தொடர் பார்க்கிறார், ஒரு நாளைக்கு அரை எபிசோட். அதே தொடரை அப்பா ராத்திரியில் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். இருவருக்கும் ஒரே ப்ரொஃபைல். நாலாவது எபிசோடில் இருந்த அம்மா இன்று திறந்தால் "தொடர்ந்து பார்க்க" என்ற இடத்தில் பதினொன்று நிற்கிறது. அம்மா யாரையும் கேட்கவில்லை. பதினொன்றிலிருந்தே பார்த்திருக்கிறார். "பரவாயில்லப்பா, கதை ஓரளவு புரிஞ்சிடுச்சு" என்றார்.

எனக்கு மனசே சரியில்லை. இத்தனை நாள் ஒலி, ரகசிய எண், டேட்டா என்று மற்ற எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நானும் மனைவியும் சேர்ந்து பார்ப்பதுதான் அதிகம், எங்களுக்கு ஒன்றே போதும் என்று பேசி முடிவெடுத்தோம். என் ப்ரொஃபைலுக்கு அம்மா பெயரை மாற்றியிருக்கலாம், ஆனால் நான் பார்த்த த்ரில்லர்களை வைத்தே பரிந்துரை வந்துகொண்டிருக்கும். அதனால் நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். வட்டத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கப் பாட்டியும் பேத்தியும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆமை.

ஜூன் 16, திங்கள்

தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்துகள் மட்டும். ஒரு தமிழ்ப் படத்தின் பெயரை அம்மா ஆங்கிலத்தில் எப்படி எழுதுவார்? ழகரத்துக்கு இசட்டும் எச்சும் போட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நெடிலுக்கு ஒரு ஏயா, இரண்டு ஏயா என்பதில் எனக்கே தடுமாற்றம். ஓர் எழுத்து பிசகினால் "எதுவும் கிடைக்கவில்லை" என்று வருகிறது.

ரிமோட்டில் மைக் பட்டன் இருப்பது அப்புறம் நினைவுக்கு வந்தது. அம்மா அழுத்தி, விரலை எடுத்துவிட்டுப் பேசினார், ஒன்றும் வரவில்லை. பேசி முடிக்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று காட்டினேன். தமிழில் சொன்னார். படம் வந்து நின்றது. அடுத்த அரை மணி நேரம் தனக்கு நினைவிருந்த படங்களின் பெயரை எல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

மெனுவையும் தமிழுக்கு மாற்றினேன். ப்ரொஃபைலுக்கு ஒரு மொழி வைக்க முடிவது மிக நல்ல விஷயம். ஆனால் "ஓடவிடு" என்றோ "பார்" என்றோ இருக்க வேண்டிய பட்டனில் "விளையாடு" என்று இருக்கிறது. அது குழந்தைகளுக்கான விளையாட்டு போல என்று அம்மா அதைத் தொடவே இல்லை. யாராவது ஒரு தமிழர் ஒரு தடவை திரையைப் பார்த்திருந்தால் இது வந்திருக்காது. புகார் பக்கத்தில் இதையும், ஆறாவது வட்டத்தையும், ரகசிய எண்ணையும் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 20, வெள்ளி

நாளையோடு இலவசக் காலம் முடிகிறது. ரத்து செய்யும் பக்கம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவைத்தேன், கணக்கு என்பதற்குள் நேராகவே இருக்கிறது, மறைக்கவில்லை. தொடர்வது என்று முடிவு. புகாருக்கு இன்னும் பதில் இல்லை.

ராத்திரி கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். இன்று ஆமை வட்டத்தில் பார்ப்போம் என்றான் மகன். அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு "கடலுக்குள்ள இருக்கற பிராணிகள்" என்றார். வரிசையாக ஆவணப்படங்கள் வந்தன. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று போன வாரம் படித்ததை மகன் சொன்னான். "மூணா பாட்டி?" என்று மகள் அம்மாவின் மடியில் ஏறினாள். அம்மா அந்தப் படத்துக்கே போய் நின்றார். "விளையாடு" பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்பா எங்க? அவரும் வரட்டும்."