சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) மைதானக் குறிப்புகள்: சமூக விளையாட்டுப் பயிற்சியாளர் வகுப்பு

ஜனவரி 18, 2025, சனி

முதல் வேலை மைதானத்தில் இல்லை, காகிதத்தில். பிள்ளைகளோடு பழகப் போகிறவரின் பெயர் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்களின் பட்டியலில், இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் கேட்பது இது. தன் பெயரைத் தானே விசாரிக்க படிவம் 30. பதில் உடனே வராது என்பதால் வகுப்பு தொடங்கும் நாளிலேயே அனுப்பிவிடுவது நல்லது. பதில் கைக்கு வரும்வரை யாரையும் பிள்ளைகளோடு தனியாக விடுவதில்லை.

பிறகு ஒரு கணக்கு. பத்துப் பிள்ளைகள், ஒரு பந்து, ஒரே வரிசை. ஒருவர் ஓடி முடிக்க 15 வினாடி என்றால் அடுத்த முறை வர 2 நிமிடம் 15 வினாடி நிற்க வேண்டும். 45 நிமிட வகுப்பில் ஒரு பிள்ளை அசைவது நாலரை நிமிடம். மூன்று மூன்று பேராகப் பிரித்து (ஒரு குழுவில் மட்டும் நால்வர்) குழுவுக்கொரு மூலையில் விட்டால் மூவர் குழுவில் அதுவே பதினைந்து நிமிடமாகிறது. ஐந்து முதல் பதினேழு வயதுக்கு உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது நாளுக்கு சராசரியாக 60 நிமிட அசைவு. வரிசையில் நிற்க வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஜனவரி 25, சனி

இந்த ஊரில் பிள்ளைகள் முதலில் கேட்பது கிரிக்கெட்தான். ஆனால் வழக்கமான ஆட்டத்தில் முதல் பந்திலேயே அவுட் ஆன பையன் மீதி நேரம் மரத்தடியில். அதனால் ஜோடி கிரிக்கெட்: எட்டுப் பேர், நான்கு ஜோடி, ஜோடிக்கு மூன்று ஓவர். அவுட் ஆனால் வெளியேற வேண்டாம், 5 ரன் கழியும், ஜோடியில் மற்றவர் அடிக்க வருவார். எல்லா ஓவரையும் ஒரே முனையிலிருந்து போட வேண்டும். முனை மாற்றும் நடை மிச்சம். வைடுக்கு 2 ரன், மறுபந்து கிடையாது. இந்தக் கடைசி விதியை விட்டுவிட்டால், சின்னப் பிள்ளை பந்து போடும்போது ஒரு ஓவர் முடியவே முடியாது.

டென்னிஸ் பந்து போதும். தோல் பந்து என்றால் காப்பு மாட்டவே கால் மணி போய்விடும்.

பிப்ரவரி 1, சனி

கோ-கோ. தென்னாப்பிரிக்காவின் பாரம்பரிய விளையாட்டுப் பட்டியலில் ஜுக்ஸ்கெய், மொராபராபா, க்காட்டி ஆகியவற்றோடு இதுவும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது என்பது வேறு விஷயம்.

முழு ஆட்டத்தில் துரத்தும் அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் மாறிமாறி எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார, ஒன்பதாமவர் துரத்துவார். அவர் உட்கார்ந்தவரின் முதுகைத் தொட்டு ‘கோ’ என்றால் துரத்தும் வேலை அவரிடமிருந்து உட்கார்ந்தவருக்கு மாறும். எதிரணியிலிருந்து மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். தொடக்கக்காரர்களுக்கு இது ஒத்துவராது, மறுபடியும் அதே காத்திருப்பு. சுருக்கியது இப்படி: 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், நடுவில் நால்வர், துரத்துபவர் ஒருவர், ஓடுபவர் இருவர், ஒரு சுற்று 90 வினாடி. தொடப்பட்டவர் வெளியே போய் இரண்டு கூம்புகளைச் சுற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வரலாம். எத்தனை பேரைத் தொட்டார்கள் என்பதே மதிப்பெண்.

தவறுகள் எப்போதும் ஒரே இடத்தில்தான். முதுகைத் தொடாமலே ‘கோ’ என்று கத்துவது, தொட்டுவிட்டு வாய் திறக்காமல் இருப்பது, தொடும் முன்பே உட்கார்ந்தவர் எழுந்துவிடுவது. மூன்றாவதற்கு மருந்து உட்காரும் விதம். சம்மணம் போட்டவர் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழ முடியும், பாய முடியாது. குந்தி, ஒரு பாதத்தைச் சற்றுப் பின்னே தள்ளி, முன்பாதத்தில் எடையை வைத்து, விரல் நுனிகள் தரையைத் தொட இருந்தால் எழுவதே முதல் அடியாகிவிடும். ஆனால் அப்படி இரண்டு நிமிடத்துக்கு மேல் இருத்தினால் முழங்கால் வலிக்கும். 90 வினாடி வைத்ததற்கு அதுவும் காரணம்.

நடுக்கோட்டின் முனைகளில் நிற்கும் கம்பத்துக்கு பிளாஸ்டிக் குழாயை மணல் வாளியில் நட்டுப் பார்த்தார்கள். கோ-கோவில் ஓடி வருகிறவர் கம்பத்தைப் பிடித்துத்தான் திரும்புவார், வாளி கவிழ்ந்தது. பதிக்க முடியாத இடத்தில் கம்பமே வேண்டாம், கூம்பைச் சுற்றட்டும்.

பிப்ரவரி 5, புதன்

இடி. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைந்தால் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும். கடைசி முழக்கத்திலிருந்து 30 நிமிடம் கழித்தே திரும்ப வேண்டும். மரத்தடியும் தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகையும் ஒதுங்கும் இடமல்ல. கட்டடம் அல்லது மூடிய கார். வேறொன்றும் நடக்கவில்லை இன்று.

பிப்ரவரி 8, சனி

கோயில் மண்டபம், காலை ஆறரை, மூத்தோர் குழு. டர்பனின் பிப்ரவரி ஈரக்காற்றில் வியர்வை காயாது, உடல் குளிராது. பத்து மணி வகுப்பு என்பது கேட்டு வாங்கும் தொல்லை.

முதல் சிக்கல் கால். மண்டபத்துக்குள் செருப்பு, ஷூ கூடாது. காலுறையோடு நின்றால் பளபளக்கும் ஓடு வழுக்கும். வெறுங்காலோடு நின்றால், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குச் சிறு கல் குத்தியதும் தெரியாது. நிர்வாகக் குழுவிடம் கேட்டுப் பக்கத்து வராந்தாவை வாங்கிக்கொள்வதே வழி. அங்கே ஷூவோடு நிற்கலாம். போடும் முன் ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்க்கும் பழக்கத்தை அங்கேயே உண்டாக்கலாம்.

அளவுச் சோதனை 30 வினாடி நாற்காலி எழுச்சி. இருக்கை உயரம் 43 செ.மீ. அளவில், கை வைக்காத நாற்காலி, சுவரோடு ஒட்டி. கைகள் மார்பில் குறுக்காக. முழுதாக எழுந்து முழுதாக உட்கார்வது ஒன்று. நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் சேர்க்கலாம். கையை ஊன்றினால் மதிப்பெண் பூஜ்யம். 65–69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் கீழும் அதே வயது ஆண்களுக்கு 12க்குக் கீழும் போனால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் அதிகம். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை நம்பக் கூடாது. எடை விழும்போது பின்கால்கள் விரிந்து பின்னோக்கி நழுவும்.

எழும்போது மூச்சை அடக்குகிறவர்கள்தான் தலை சுற்றுகிறது என்பார்கள். “ஆன்ட்டி, மூச்சு விடுங்க” என்று பத்து முறை சொல்வதைவிட எல்லோரையும் உரக்க எண்ண வைப்பது மேல். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய் எண்ணும்போது மூச்சு அடங்க வழியில்லை.

பிள்ளைகள் வகுப்பில் துரத்திய காத்திருப்பை இங்கே நாமே வைக்க வேண்டும். ஒரு நிமிட வேலை, ஒரு நிமிட ஓய்வு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. ஒரு வாக்கியம் முடிக்கத் திணறினால் அதிகம்.

காவடி விரதக் காலம் என்பதால் கூடுதல் கவனம். இன்சுலினோ சர்க்கரையைக் கீழே தள்ளும் மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வந்திருந்தால், இரத்தச் சர்க்கரை அளவு 5 mmol/L-க்குக் கீழ் என்றால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தொடர்பில்லாத பேச்சு வந்தால் நிறுத்தி, 15 கிராம் சர்க்கரை: ஒரு மேசைக்கரண்டி, அல்லது சாதாரணக் குளிர்பானம் அரைக் கோப்பை. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 4க்குக் கீழ் என்றால் அதையே திரும்பக் கொடுக்கலாம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். பைக்குள் சர்க்கரையே இல்லாத டயட் பானத்தை வைத்துக்கொண்டு வருகிற பயிற்சியாளர் எல்லா வகுப்பிலும் ஒருவராவது இருப்பார்.

பிப்ரவரி 15, சனி

முதலுதவி. மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்துவது 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, முப்பதுக்கு இரண்டு மூச்சு. பொம்மையில் எல்லோரும் செய்கிறார்கள், இரண்டாவது நிமிடத்தில் ஆழம் குறைகிறது. ஆள் மாற வேண்டிய நேரம் அதுதான்.

தலையில் அடிபட்டவர் நன்றாக இருக்கிறேன் என்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வெயிலில் விழுந்து உளறுகிறவரை முதலில் குளிரவைக்க வேண்டும், வண்டியில் ஏற்றுவது பிறகு.

ஆம்புலன்ஸ் 10177, கைப்பேசியிலிருந்து 112. எண்ணைவிட முக்கியம் வாயில். மைதானத்துக்கு எந்தத் தெருவிலிருந்து வண்டி நுழையும், சங்கிலியின் சாவி யாரிடம் என்பதைப் பாடத்திட்டத்தின் முதல் வரியில் எழுதச் சொல்லியிருக்கிறது. சாவி இருப்பவர் சனிக்கிழமை ஊரில் இல்லாத மைதானங்கள் உண்டு.

மார்ச் 1, சனி

மதிப்பீடு. ஒவ்வொருவரும் 30 நிமிடம் நடத்த, மற்றொருவர் ஓரத்தில் நின்று ஒரே ஒரு பிள்ளையை மட்டும் பார்த்து, அது அசையும்போது ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, நின்றால் நிறுத்துகிறார். சுறுசுறுப்பான பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் எல்லா வகுப்பும் நன்றாகத்தான் தெரியும். பின்வரிசையில் ஒதுங்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் பாதி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால் நடத்தியவர் தேர்ச்சி. குறைந்தவர்களுக்கு நேரம் போனது பெரும்பாலும் விளக்கிச் சொல்வதில். விதியை 30 வினாடிக்குள் சொல்லி, ஒரு முறை செய்து காட்டி, ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு, மீதியை ஓடும்போதே திருத்த வேண்டும். அவர்களுக்கு மறுமதிப்பீடு மார்ச் 15, அதே மைதானம், சாவி வாங்கியாயிற்று.