நாங்க தூக்கிப் போடுற வெள்ளை லேயர்

வைராலஜி லேப்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல ரெட்ரோவைரஸ்னா எனக்கு எச்ஐவி மட்டும்தான் தெரியும். ரத்தத்துல சுத்துற கிருமி, மாத்திரை போட்டா கொறையும், அதோட முடிஞ்சுது என் அறிவு.

எச்ஐவி வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்க சாம்பிள் வந்தா, ரத்தம் உறையாம வச்சிருக்கற ஈடிடிஏ ட்யூபை சென்ட்ரிஃபியூஜ்ல போட்டு சுத்த விடுவோம், மேல மஞ்சளா ப்ளாஸ்மா நிக்கும், அடியில சிவப்பணு, நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளை லேயர், பஃபி கோட்டுனு சொல்லுவோம், வெள்ளையணு எல்லாம் அதுலதான். எங்களுக்கு வேண்டியது ப்ளாஸ்மா, மத்ததெல்லாம் வேஸ்ட் பின்னுக்கு. எச்டிஎல்வி-1ங்கற இன்னொரு ரெட்ரோவைரஸுக்கு டெஸ்டுன்னா அப்படியே தலைகீழ், ப்ளாஸ்மா வேண்டாம், அந்த வெள்ளை லேயரைத்தான் எடுக்கணும். ஏன்க்கான்னு சீனியர்கிட்ட கேட்டேன். "ப்ளாஸ்மால தேடுனா ஒண்ணும் சிக்காதுப்பா, அது செல்லுக்குள்ளயே குடித்தனம் பண்ற ஆளு"ன்னாங்க.

இத்தனைக்கும் ரெண்டும் ஒரே குடும்பம். ரெண்டுமே ஆர்என்ஏவை டிஎன்ஏவா திருப்பி எழுதி (அப்படித் திருப்பி எழுதற என்சைமை 1970ல டெமின், பால்டிமோர் ரெண்டு பேரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க) நம்ம உடம்போட காவல்கார வெள்ளையணுவான டி செல்லோட டிஎன்ஏக்குள்ள செருகிடும். அதுக்கப்புறம்தான் வழி பிரியுது. எச்ஐவி காப்பி மேல காப்பி எடுத்து வெளிய தள்ளும், தப்புத் தப்பா எழுதி உருவம் மாத்திக்கிட்டே இருக்கும். சிடி4ங்கற வகை டி செல்லு சாகும், அதுலயும் வைரஸ் உள்ள போயி வேலையை முடிக்க முடியாம பாதில நின்னுபோன செல்லுகூட நிணநீர் முடிச்சுகள்ல தானா வெடிச்சு சாகுது, அந்த அழற்சி இன்னும் நாலு செல்லை அங்க இழுத்துட்டு வருது. குடல்ல இருக்கற சிடி4 முதல் சில வாரத்துலயே பெருமளவு காலி. 500க்கு மேல இருக்க வேண்டிய சிடி4 கவுண்ட் 200க்குக் கீழ போனா எய்ட்ஸ் கட்டம், டிபி, நிமோனியான்னு வரிசையா வந்து நிக்கும்.

எச்டிஎல்வி-1 கொல்லாது, வளர்க்கும். டாக்ஸ்னு ஒரு புரோட்டீனை வச்சு செல்லைத் தூண்டி பெருக வைக்கும், செல்லு ரெண்டானா வைரஸும் ரெண்டு, தனியா காப்பி எடுக்கற வேலையே பெருசா இல்ல. பெரும்பாலான பேருக்கு ஆயுசுக்கும் ஒண்ணும் ஆகாது, ஆனா 100ல 5 பேர் போல பல பத்து வருஷம் கழிச்சு டி செல் ரத்தப் புற்றுநோய்ல போயி நிக்கறாங்க, இன்னும் சிலருக்கு தண்டுவடம் பாதிச்சு கால் மெல்ல மெல்ல விறைச்சு பலமிழந்துபோகும். ஸ்லைடுல அந்த கேன்சர் செல்லோட நியூக்ளியஸ் இதழ் இதழா பூ மாதிரியே இருக்கும், பேரே ஃப்ளவர் செல்தான். 1980ல அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் காலோவோட டீம் இதைத்தான் மனுசனோட முதல் ரெட்ரோவைரஸா அறிவிச்சாங்க, எச்ஐவி வந்தது 1983ல பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல இருந்து. மூத்ததை யாரும் பேசறதே இல்ல.

இதெல்லாம் புரிஞ்சப்புறம் எச்ஐவி ட்யூபைப் பாக்கற பார்வையே மாறிடுச்சு. வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுன்னு ரிப்போர்ட் போகும்போது அது ப்ளாஸ்மா கணக்கு மட்டும்தான், எழுதி வச்ச டிஎன்ஏ நாங்க தூக்கிப் போட்ட அந்த வெள்ளை லேயர்ல, தூங்கற மெமரி செல்லுகள்ல அப்படியே இருக்கு. மாத்திரை புதுக் காப்பியைத்தான் தடுக்கும், இதைத் தொடாது. நிறுத்துனா பெரும்பாலும் சில வாரத்துல லோடு திரும்ப ஏறிடும். அதுக்காக அந்த ரிப்போர்ட் பொய்யில்ல, லோடு அப்படியே அடங்கி இருந்தா உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது, அது சின்ன விஷயமா என்ன? ரத்தத்தைச் சுத்தம் பண்ணி எய்ட்ஸைக் குணப்படுத்தறேன்னு கிளம்பறவங்க மேலதான் எனக்கு கோவம், சுத்தம் பண்ண அது ரத்தத்துல மட்டும் மிதந்தாத்தானே.

எச்ஐவில இருந்து முதல்ல குணமானவர்னு சொல்லப்படற டிமோதி ரே பிரவுனுக்கு குணமானது உண்மை. லுக்கீமியாவுக்காக எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் மாத்துனாங்க, எச்ஐவி உள்ள நுழையற சிசிஆர்5ங்கற கதவே இல்லாத டோனரோட செல்லு. அதாவது அந்த வெள்ளை லேயரையே அடியோட மாத்துனாங்க. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை அது, மாத்திரையில நல்லா இருக்கற ஆளுக்கு எந்த டாக்டரும் அதை எழுதித் தர மாட்டாங்க.