திருநின்றவூர் வாசலில்

எங்கள் மகன் பிறந்த சில மணி நேரத்திலேயே அவனுடைய உதடும் நகக்கண்களும் நீலம் பாய்ந்துவிட்டதால், சென்னையில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவனைச் சேர்த்தோம். எக்கோ எடுத்துப் பார்த்த மருத்துவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து விளக்கினார். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் ஒன்றின் இடத்திலிருந்து மற்றொன்று கிளம்பியிருந்தன. உடம்பைச் சுற்றி வந்த இரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் மறுபடியும் உடம்புக்கே திரும்பிக்கொண்டிருந்தது. கருவில் எல்லாக் குழந்தைக்கும் திறந்திருந்து, பிறந்த பின் தானாக மூடிக்கொள்ளும் ஒரு சிறு குழாய், மூடாமல் இருப்பதற்காகப் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை இடைவிடாமல் ஏற்றினார்கள். அந்தக் குழாயின் வழியாகக் கலந்த கொஞ்சம் நல்ல இரத்தத்தில்தான் அவன் உயிர் நின்றது. பன்னிரண்டாம் நாள், தமனிகளை இடம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று.

ஒன்பதாம் நாள் காலையில் என் மாமியார், "மாப்பிள்ளை, தின்னனூர் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு ஒருதரம் போய்ட்டு வாங்க" என்றார். பிறப்புத் தீட்டு கழியவில்லையே என்றேன். "உள்ளே போக வேண்டாம், வாசலில் நின்னு வேண்டிக்கிட்டு வாங்க" என்றார். அறுவைப் பிரசவத்தின் தையல் வலியோடு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, போய்வரச் சொன்னாள்.

சென்டிரலிலிருந்து மின்சார ரயிலில் ஆவடியைத் தாண்டிப் போனால் திருநின்றவூர். பேச்சு வழக்கில் தின்னனூர். இதய நோய் உள்ளவர்கள் தேடி வரும் தலம் அது. தீபாராதனை மணி கேட்டபோது, வாசலுக்கு வெளியே கைகூப்பி நின்றிருந்தேன்.

அங்கே நின்றபோது பூசலார் நாயனாரின் கதை முழுவதும் நினைவுக்கு வந்தது. சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்ட அவர், எங்கெங்கோ பொருள் தேடி அலைந்தும் எதுவும் கிடைக்காமல், மனத்திலேயே கட்டத் தொடங்கினார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டு, இரவும் உறங்காமல், விமானம், மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாகக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர்ப் பூசலின் ஆலயத்துக்குத் தான் செல்லவிருப்பதால் வேறு நாள் பார்க்கும்படி சொன்னார். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான் என்றாலும், அன்றுதான் அது பொருளில்லாதவனின் ஆறுதலாக அல்லாமல், ஒரு கல்லையும் விடாமல் மனத்துக்குள் வைத்துப் பார்த்த ஒருவரின் உழைப்பாக எனக்குப் பட்டது. என் மகனின் மார்பைத் திறக்கப் போகிறவரும், நூலிழை போன்ற இதயத் தமனிகளை எங்கே வெட்டி எங்கே தைப்பது என்பதை அப்படித்தான் முன்னதாகவே மனத்தில் கட்டிப் பார்ப்பார் என்று நம்பினேன். அவர் மனத்தில் இறைவன் புக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்; வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அறுவை சிகிச்சை ஆறு மணி நேரத்துக்கும் மேல் நடந்தது. வீக்கம் வடியட்டும் என்று இரண்டு நாள் மார்பை மூடாமல் வைத்திருந்தார்கள். வென்டிலேட்டரை எடுத்த பிறகு, கைகழுவி, அங்கி அணிந்து, பத்து நிமிடம் உள்ளே விட்டபோது, அவனுடைய விரல் என் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது. நகக்கண் இளஞ்சிவப்பாக இருந்தது.

ஐந்தாம் மாதம் மூவருமாகத் திருநின்றவூர் போனோம். இம்முறை உள்ளே சென்று, கருவறையில் இருதயாலீஸ்வரரையும் அவரருகே இருக்கும் பூசலாரையும் ஒருசேரக் கண்டோம். கட்டப் பொருளின்றி மனத்தில் கட்டியவருக்குக் கருவறையிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நிறைவாக இருந்தது. அர்ச்சகர் கொடுத்த திருநீற்றை, நடுமார்பில் நேர்கோடாக இறங்கும் தழும்பின் மேல் என் மனைவி பூசினாள்.

அதே ஊரில் பக்தவத்சலப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. 108 திவ்விய தேசங்களில் ஒன்று. அங்கே தாயாரின் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. அந்தச் சந்நிதிக்கு எதிரே குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு என் மனைவி வெகுநேரம் நின்றாள். பிறகு அவனைத் தூக்கி என்னிடம் கொடுத்து, கைப்பையிலிருந்து அந்த மஞ்சள் முடிச்சை எடுத்தாள். மாதக்கணக்கில் இறுகிப்போயிருந்த முடிச்சை அவிழ்க்க வரவில்லை. துணியோடு உண்டியலில் போட்டுவிட்டுக் கைகூப்பினாள்.